அறுப்பு நாளில் மாடிவீடு

காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் இன்னொருவன் கூரையின் கீழ் ஒதுங்க மாட்டான். அவன் நிழலில்தான் நாலு குடும்பம் ஒதுங்கும். சோழ ராஜாக்கள் காலத்திலிருந்து இந்த மண்ணின் தர்மம் இது. மேட்டூரில் மதகு திறக்காமல் போகலாம், கோட்டையில் கொடி மாறலாம், இது மாறாது.

எருக்கநத்தம் துரைக்கண்ணு இந்தத் தர்மத்தை ஊர்க்கூட்டங்களில் அடிக்கடி எடுத்துச் சொல்லுவார். கடைசியாக அவர் சொன்னது தை மாதம் ஒரு புதன்கிழமை, மெட்ராஸ் ராயப்பேட்டையில், ஒரு மாடிப்படிக்கு அடியில். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். தோளில் ஒரு பூவன் வாழைத்தார். வீட்டுக்காரம்மாள் தொழுகை முடித்துவிட்டுக் கூப்பிடும்வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

"எதுக்குச் சொல்றேன்னா தியாகேசா," என்றார் துரைக்கண்ணு, "நம்ம வம்சத்துல வாடகைக்குப் போனவன் கிடையாது."

"அதை மேல போய்ச் சொல்லாதீங்க," என்றார் கல்யாணத் தரகர் தியாகேசன். "வாடகை குடுத்துப் பழக்கமில்லைன்னு எடுத்துக்குவாங்க."

இந்தப் படிக்கட்டு வரைக்கும் அவரை நடத்திக்கொண்டு வந்தது பங்காளி நடராசன். நடராசன் அப்போது ஊரில் இருந்தார். துரைக்கண்ணு வீட்டுச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

நடராசன் துரைக்கண்ணுவுக்குச் சித்தப்பா மகன். ஆட்சி மாறின வருஷமே துண்டின் கரையையும் மாற்றிக்கொண்டவர். அந்தக் கரையின் புண்ணியத்தில் அவர் மகனுக்கு மெட்ராஸில் ஒரு உத்தியோகம் அமைந்தது. அதற்குப் பிறகு நடராசன் வாயைத் திறந்தால் பாமணி ஆற்றுத் தண்ணீர் பேச்சே வராது. குழாய்த் தண்ணீர்தான் வரும்.

"திருகுனா தண்ணி, அண்ணே. அமுக்குனா வெளிச்சம். சன்னலைத் திறந்தா கடல் காத்து. பையன் மாடியிலதான் இருக்கான். அங்க சேறு கிடையாது, கொசு கிடையாது, கூலிக்கொடி கிடையாது."

களத்து மேட்டில், நெல் தூற்றும் தூசிக்கு நடுவில், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடராசன் இதைச் சொல்லும்போது துரைக்கண்ணுவுக்கு வயிற்றில் ஏதோ புளிக்கும். ஊரில் பெரிய வீடு அவருடையது. முற்றம், ஊஞ்சல், இரண்டு கட்டு, பத்தாயம் நிறைய நெல். நடராசன் வீடு நாட்டு ஓடு போட்டது. மழைக்குப் பாத்திரம் வைக்க வேண்டும். அப்படியிருந்தும் புளித்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. நில உச்சவரம்புச் சட்டம் இறுகியபோது துரைக்கண்ணு நிலத்தைப் பிரித்து எழுதினார். மனைவி தர்மாம்பாள் பேரில் கொஞ்சம், மகள் சாவித்திரி பேரில் கொஞ்சம், ஊர்ப் பிள்ளையார் பேரில் கொஞ்சம். தொழுவத்தில் நின்ற செவலைக் கன்றுக்கு மட்டும் எழுதவில்லை. அது கைநாட்டு வைக்காது. மிஞ்சிய ஆற்றங்கரைப் பங்கு ஒரு வேலி நிலத்தை நடராசன் பேரில் எழுதினார். பேர் மட்டும்தான் நடராசனுடையது, நெல் துரைக்கண்ணு பத்தாயத்துக்கு. இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தது தாசில்தாருக்குத் தெரியாது என்பதுதான் ஏற்பாடு.

"அவங்க பையன் மாடியில இருக்கான். இருந்துட்டுப் போறான்," என்பாள் தர்மாம்பாள். "அதுக்கு நீங்க ராவெல்லாம் புரண்டா கட்டில்தான் ஆடுது." ஆனால் நடராசன் சம்சாரம் வந்துபோன அன்று அவளும் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். "மெட்ராஸ்ல காப்பிக்கொட்டையைக் கண்ணெதிர வறுத்து அரைச்சுத் தருவாங்களாம். எங்கிட்ட வந்து சொல்றா. நான் என்ன வேப்பங்கொட்டையையா அரைச்சுக் குடிக்கிறேன்?"

இந்த நிலைமையில்தான் தியாகேசன் ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வடக்கே உருக்காலையில் இன்ஜினீயர். விடுப்பில் மெட்ராஸ் வந்திருக்கிறான். மாதக் கடைசியில் கிளம்பிவிடுவான். அப்பா கணக்குத் தணிக்கை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூரில் ஜாகை, பூர்வீகம் திருவாரூர்ப் பக்கம். சாவித்திரி ஜாதகம் பொருந்தியிருந்தது. நடராசன் மகள் நீலாம்பாள் ஜாதகமும் பொருந்தியிருந்தது.

"முதல்ல யாரைப் பாக்குறாங்க?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"உங்க பொண்ணைத்தாங்க. பெரிய வீடு இல்லையா? ஆனா ஒண்ணு கேட்டாங்க. பொண்ணு வீட்டாருக்கு மெட்ராஸ்ல வீடு உண்டான்னு."

ஊஞ்சல் நின்றது.

"எதுக்குக் கேட்டாங்க?"

"அதை நான் எப்படிங்க திருப்பிக் கேக்குறது? கேட்டாங்க, வந்து சொல்றேன்."

எதற்குக் கேட்டார்கள் என்று துரைக்கண்ணுவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடராசனுக்கு மெட்ராஸில் மாடி இருக்கிறது, தனக்கு இல்லை. உலகத்தில் யார் என்ன கேட்டாலும் அவருக்கு அது இந்த ஒரு கேள்வியாகத்தான் காதில் விழுந்தது.

"உண்டுன்னு சொல்லு," என்றார்.

"எங்கங்க?"

"அதைப் பாத்துக்கலாம். வர்ற வெள்ளிக்கிழமை மெட்ராஸ்ல நம்ம வீட்டுலயே வந்து பொண்ணைப் பாக்கச் சொல்லு."

அறுப்பு உச்சத்தில் இருந்த நேரம். பனி விலகினதும் வயலில் இறங்கினால் பொழுது சாயும்வரை அரிவாள் சத்தம்தான். கருதுக்கட்டு சுமந்து வருகிறவர்கள் வரப்பில் ஓட்டமும் நடையுமாக வர, களத்தில் வைக்கோல் வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து கிடந்தது. கூலி நெல் அளக்கிற மரக்கால் சின்னது என்று சங்கத்தார் களத்து ஓரத்தில் கொடி நட்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த நேரத்தில் ஒரு மிராசுதார் ஊரை விட்டுப் போவது, பந்தி நடக்கும்போது சமையல்காரன் சினிமாவுக்குப் போவது மாதிரி.

களத்தில் நின்ற மருதையன் கேட்டேவிட்டான். துரைக்கண்ணு பண்ணையில் பிறந்து வளர்ந்து, இப்போது சங்கத்துக்குத் தலையாள்.

"ஐயா மெட்ராஸ்ல வீடு பாக்கப் போறதாச் சொல்றாங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க. போன வருஷம் என்னைக் குடிசையக் காலி பண்ணுன்னீங்க. அதுக்குள்ள கெவருமெண்டுல குடியிருப்பு மனைக்குப் பட்டா குடுத்துட்டாங்க. இப்ப எனக்கு இடம் இருக்கு, நீங்க இடம் தேடிப் போறீங்க. காலம்தாங்க."

சுற்றி நின்ற பெண்கள் கருதுக்கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். துரைக்கண்ணு களத்தைத் தாண்டி நடந்தார். மருதையனைப் பார்த்து எரிச்சல்பட அவருக்கு அப்போது நேரமில்லை. அந்த இடத்தை நடராசன் ஏற்கெனவே அடைத்திருந்தார்.

ஆனால் களத்தையும் வீட்டையும் யாரிடம் விட்டுப் போவது? நடராசனிடம்தான். ஆற்றங்கரைப் பங்குக்குப் பேர் அவருடையது. அறுப்பில் அவரே முன்னால் நின்றால் பார்க்கிறவர்களுக்கும் நல்லது. சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நடராசன் சொன்னார்: "நிம்மதியாப் போயிட்டு வாங்க அண்ணே. என் வீடு மாதிரி பாத்துக்கறேன்."

தர்மாம்பாள் பெண் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு வாரமாக வெண்ணெய் சேர்த்து நெய் காய்ச்சியிருந்தாள். முருங்கைக்கீரை போட்டு இறக்கிய, மணல் மணலான நெய். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று துரைக்கண்ணு போட்ட கூச்சலில் அதை உறியிலேயே மறந்துவிட்டு வண்டி ஏறினாள். ஞாபகம் வந்தது எழும்பூரில்.

தர்மாம்பாளையும் சாவித்திரியையும் தெரிந்தவர் வீட்டில் இறக்கிவிட்டுத் துரைக்கண்ணுவும் தியாகேசனும் தெருத்தெருவாக அலைந்தார்கள். தியாகேசனுக்கு வீட்டுத் தரகு பழக்கமில்லை. "ரெண்டும் ஒண்ணுதாங்க," என்று அவர் தைரியம் சொன்னார். "வீட்டுக்கு உள்ள குறையைக் குடியேறுன பெறகுதான் சொல்லுவாங்க."

மாம்பலத்தில் முதல் வீடு. வீட்டுக்காரர் வாசல் கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியிலும் தானே நின்றுகொண்டு கேட்டார்.

"என்ன உத்தியோகம்?"

"மிராசு."

"அது எந்த ஆபீஸ்?"

துரைக்கண்ணுவுக்கு வாழ்நாளில் யாரும் கேட்காத கேள்வி. தியாகேசன் குறுக்கே புகுந்தார். "சொந்த நிலம் நீச்சு உள்ளவர் சார். தஞ்சாவூர் ஜில்லா."

"சரி. வாடகை என்னிக்குத் தருவீர்?"

"தையில ஒரு தடவை," என்றார் துரைக்கண்ணு, கம்பீரமாக. "குறுவை விளைஞ்சுதுன்னா ஐப்பசியில ஒரு தடவை. நெல்லா வேணும்னாலும் அளந்துடுவேன்."

திறந்திருந்த பாதியும் சாத்தப்பட்டது.

அடுத்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். மூன்று பேர் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். மூன்று பேர் என்பது துரைக்கண்ணுவுக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "மூணு பேர்தான். ஆனா ஊர்லேர்ந்து அஞ்சாறு பேர் வருவாங்க, போவாங்க. நம்ம வீட்டுல எப்பவும் இலை விழுந்துகிட்டே இருக்கும்," என்றார். இன்னொரு வீட்டில் கிணற்றடியில் இரண்டு வாளிக்குமேல் இறைக்கக் கூடாது என்றார்கள். அவர் சிரித்துவிட்டார். பாமணி ஆறு முழுக்கத் தன் மடையில் பாய்கிறவனிடம் இரண்டு வாளி! அந்தச் சிரிப்பு அந்த வீட்டையும் கொண்டுபோயிற்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தியாகேசனை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு, துரைக்கண்ணு தனியாக ஒரு சந்துக்குள் போனார். நடராசன் மகன் குடியிருக்கும் சந்து. எதிர்ச் சாரியில் ஒரு விறகுக்கடை நிழலில் நின்று நிமிர்ந்து பார்த்தார். மாடி இருந்தது. மாடிக்கும் மேலே மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தகரம் வேய்ந்த ஒற்றை அறை. நடராசன் மகன் கைலியும் பனியனுமாகக் கீழே இறங்கிவந்து, அடிபம்பில் வரிசை பிடித்து, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஏறினான்.

வேறொருவனாக இருந்தால் அங்கேயே வாய்விட்டுச் சிரித்து, ராத்திரி வண்டியைப் பிடித்து ஊருக்குப் போய்க் களத்தில் நின்றிருப்பான். துரைக்கண்ணு நின்று பார்த்தார். துணிக்கொடியில் பையனின் சட்டை காற்றில் படபடவென்று ஆடியது. 'கடல் காத்து உண்மைதான்' என்று நினைத்துக்கொண்டார்.

"தியாகேசா, நமக்கும் மாடிதான் வேணும்," என்றார் டீக்கடைக்குத் திரும்பிவந்து.

மறுநாள்தான் ராயப்பேட்டைப் படிக்கட்டு. வெறுங்கையோடு போனதால்தான் காரியம் ஆகவில்லை என்று தோன்றியதால் கொத்தவால்சாவடிக்குப் போய்ப் பூவன் தார் வாங்கியிருந்தார். பொங்கலுக்கு அவருடைய குத்தகைக்காரர்கள் தாரோடு வந்து நிற்கும் இடமும் படிக்குக் கீழேதான். தோள் வலித்தபோது அது ஞாபகம் வந்தது. வேறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

வீட்டுக்காரி ஜன்னத் பீவிக்குப் பூர்வீகம் நாகப்பட்டினம். புருஷன் மீரா உசேன் மலேயாவில் கடை வைத்துச் சம்பாதித்துக் கட்டிய வீடு. அவர் மௌத்தான பிறகு கீழே தான் இருந்துகொண்டு மேல்மாடிகளை வாடகைக்கு விட்டிருந்தாள். வெள்ளைத் துப்பட்டிக்குள் இருந்து கண்ணாடி மட்டும் மின்னியது.

"எந்த ஊரு நீங்க?"

"மன்னார்குடிக்குத் தெக்க, எருக்கநத்தம்."

"அட, நம்ம பக்கம்! வெள்ளாமை எப்படி?"

இந்த ஊரில் முதன்முதலாக ஒருத்தர் சரியான கேள்வி கேட்டுவிட்டார். துரைக்கண்ணு நெஞ்சை நிமிர்த்தினார். "தேவலை. சொந்தச் சாகுபடி போக மிச்சத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கேன்."

"குத்தகைக்கு ஆள் எப்படிப் பாப்பீங்க?"

"அது ஒரு சாமர்த்தியம்மா. முதல்ல நிக்க வச்சுப் பேசணும். உக்காரச் சொன்னா உரிமை வந்துரும். ரசீதுன்னு ஒரு துண்டுக் காகிதம் குடுக்கக் கூடாது. இப்ப இருக்கிற சட்டத்துல காகிதம் குடுத்தா நிலமே அவனுக்குன்னுடுவான். எப்ப வேணும்னாலும் ஏத்துவேன், எப்ப வேணும்னாலும் எழுப்புவேன்னு வாய்ல சொல்லி வச்சுடணும். நல்லநாள் பெரியநாளுக்குத் தாரும் காயும் வரணும். வரலைன்னா அடுத்த போகத்துக்கு ஆள் மாத்திடணும்."

ஜன்னத் பீவி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள்.

"நல்ல முறை," என்றாள். "நம்மள்ட்டயும் அதே முறைதான். ரசீது கிடையாது. எப்ப வேணும்னாலும் ஏத்துவேன், எப்ப வேணும்னாலும் எழுப்புவேன். அந்தத் தாரை அப்புடி ஓரமா வச்சுடுங்க. நோன்புப் பெருநாளைக்கு அரிசி புதுசா இருக்கட்டும்."

துரைக்கண்ணு அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தார். உட்கார நாற்காலி இல்லாமல் இல்லை.

"நாளைக்கே குடி வரலாமா?" என்றார்.

"ஆறு மாச வாடகை அட்வான்ஸ் வச்சுட்டு வாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஊர்லேர்ந்து அடுத்தடுத்து ஆள் வந்து இறங்கக் கூடாது."

"யார் வர்றா? எங்களுக்கு யாருமே கிடையாது," என்றார் துரைக்கண்ணு. இலை விழுந்துகொண்டே இருந்த வீடு ஒரே நாளில் அநாதையாகிப்போனது.

வியாழக்கிழமை குடி வந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, குழாய். துரைக்கண்ணு முதல் வேலையாகக் குழாயைத் திருகினார். தண்ணீர் வந்தது. மூடினார். மறுபடி திருகினார்.

"என்னப்பா, வயலுக்கா தண்ணி பாச்சறீங்க?" என்றாள் சாவித்திரி.

"நடராசன் வந்து பாக்கணும்," என்றார் அவர்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து பாத்தாப் போதாதா?"

வெள்ளிக்கிழமை விடிகாலையில் நாற்காலிகள் வாடகைக்கு வந்து இறங்கின. தர்மாம்பாள் கேசரி கிண்டினாள். கடையில் நெய் நல்லதாகக் கிடைக்கவில்லை. வனஸ்பதியை ஊற்றிக் கிண்டிவிட்டு, ஊரில் உறியில் தொங்கும் நெய்யை நினைத்து மூக்கைச் சிந்தினாள். சாவித்திரி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரப் போன தியாகேசன் உச்சிப்பொழுதுக்குத் தனியாகத் திரும்பினார்.

"வீடு பூட்டியிருக்குங்க. குடும்பத்தோட ராத்திரி வண்டிக்கு ஊர்ப் பக்கம் போயிருக்காங்களாம். அடுத்த வீட்டுல சொன்னாங்க."

"எந்த ஊர்ப் பக்கம்?"

தியாகேசன் தலையைச் சொறிந்தார். "அதான் எனக்கும் சந்தேகமா இருக்குங்க."

துரைக்கண்ணு நம்பவில்லை. அன்று முழுக்கவும் சனிக்கிழமை முழுக்கவும் சன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தார். வாடகை நாற்காலிகள் வரிசையாகக் காத்திருந்தன. வனஸ்பதிக் கேசரி இறுகிப்போய், கடைசியில் ஜன்னத் பீவி வீட்டுக் கோழிகளுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வண்டி ஊருக்குள் திரும்பும்போது மருதையன் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தான். வண்டிக்காரன் நிறுத்தாமலே மாடு நின்றது.

"வாங்கய்யா. வீடு அமைஞ்சுதுங்களா?"

"அமைஞ்சுது. மாடி."

"சந்தோசம். இங்கயும் ஒண்ணு அமைஞ்சுருக்கு. நீலா பாப்பாவுக்கு வரன். வெள்ளிக்கிழமை காலையில கார்ல வந்து இறங்குனாங்க. அந்தப் பெரியவர் தணிக்கை ஆபீசராமே? சொல்லிட்டுப் போனா சுவத்துக்கு வெள்ளையடிச்சு வச்சுடுவாங்கன்னு, சொல்லாம வந்தாராம்."

"யார் வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்குத்தாங்க வந்தாங்க. நடராசய்யா உள்ள நெல் அளந்துகிட்டு இருந்தாரு. அண்ணன் எங்கன்னாங்க. மெட்ராஸ்ல மாடிவீடு எடுத்துக் குடிபோயிட்டாருன்னாரு. மெய்தானே? இது யார் வீடுன்னாங்க. எங்க பூர்வீகம்னாரு. அதுவும் மெய்தானே? ரெண்டு பேருக்கும் பாட்டன் ஒருத்தர்தானே? அப்பறம் ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனாரு. கருது சாஞ்சு தங்கமாக் கிடக்குது. இது யார் நெலம்னாங்க. பட்டா என் பேர்ல இருக்குன்னாரு."

மருதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஒரு பொய்யும் சொல்லலீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். தாசில்தார் வந்தா அப்படித்தான் சொல்லணும்னு நீங்கதானே சொல்லி வச்சீங்க?"

"மெட்ராஸ்ல வீடு உண்டான்னு கேட்டாங்களே!" என்றார் துரைக்கண்ணு.

"அதையும் அந்தப் பெரியவர் வாயாலயே சொன்னாரு. முப்பது வருசமா வாடகை வீட்டுல கெடந்து சலிச்சுப்போச்சாம். அதே ஊர்ல சம்பந்தியும் இருந்தா வாராவாரம் ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு வந்து நிப்பாங்களாம். அரிசி மூட்டை வர்ற மாதிரி, லீவுக்குப் பிள்ளைங்க போற மாதிரி, கிராமத்துச் சம்பந்தம்தான் வேணுமாம்."

"நடராசன் பையன் மெட்ராஸ்லதானே இருக்கான்?"

"அதையும் நடராசய்யா சொன்னாருங்க. ஏதோ ஒரு ரூம்ல தங்கியிருக்கான்னாரு."

வீட்டு வாசலில் மாக்கோலம் போட்டிருந்தது. ஊஞ்சலில் நடராசன் உட்கார்ந்து, தாலுகாவுக்கு நிலக்கணக்கு எழுதும் கர்ணத்தோடு பேசிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன, அது நடிப்பில்லை.

"அண்ணே, உங்களாலதான் எல்லாம். இந்த ஊஞ்சலப் பாத்து வளந்தவன் நான். சின்னப் பிள்ளையில உங்க அம்மா இறங்குடாம்பாங்க. இத்தனை வருசம் இதுல ஒரு நாள் உக்காந்துட்டா போதும்னு வயிறு எரிஞ்சுருக்கேன். மெட்ராஸ் மெட்ராஸ்னு நான் பீத்துனதெல்லாம் அதுக்குத்தான். எம் பொண்ணை இந்த ஊஞ்சல்லயே உக்கார வச்சுப் பூ வச்சுட்டுப் போனாங்க அண்ணே."

துரைக்கண்ணுவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வயல் என்னுடையது. நாக்கு நுனிவரை வந்தது. கர்ணம் திண்டில் சாய்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "என்ன மிராசு, என்னமோ சொல்ல வந்தாப்ல இருக்கு?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி," என்றார் துரைக்கண்ணு. "தாகமா இருக்கு."

சாவித்திரி பட்டுப்புடவைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் முகத்தைப் பார்க்கத் துரைக்கண்ணுவுக்குத் தைரியம் வரவில்லை. நீலாம்பாள் ஓடிவந்து அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது வேறு அவருக்கு உறுத்தியது.

நடராசன் சம்சாரம் ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்து வைத்தாள். "மாமா வர்றீங்கன்னு இன்னைக்கும் கொஞ்சம் கிண்டினேன். வெள்ளிக்கிழமை வந்தவங்க இதைச் சாப்பிட்டுட்டுத்தான் சம்மதம்னாங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வாய் போட்டார். வாய்க்குள்ளே கரைந்தது. "நெய் நல்லா மணக்குதும்மா," என்றார்.

அடுப்படியிலிருந்து தர்மாம்பாள் வெளியே வந்தாள். கையில் உறிப்பானை. அதைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள், ஒன்றும் சொட்டவில்லை.

துரைக்கண்ணு அதற்குள் இரண்டாம் தடவை வாங்கிவிட்டிருந்தார்.